நூறுக்குக் கீழே

கால்வாய் தொடங்குகிற தலைப்பில், நீரேற்று வேலைத்தளத்தின் மருந்தகத்தில் மூன்று பேர் வேலை பார்த்தார்கள். ஒரு டாக்டர், ஒரு கம்பவுண்டர், ரத்தம் பார்க்கும் அக்கா. இருபத்திரண்டு வருடமாக ஒரே ஸ்டூல், ஒரே ஜன்னல், ஒரே மைக்ராஸ்கோப். வலது கண் குழாயில் இருக்கும். இடது கை பொத்தானைத் தட்டித் தட்டி எண்ணும். இருநூறு வெள்ளையணுவை எண்ணி முடிப்பதற்குள் எத்தனை மலேரியாக் கிருமி கண்ணில் பட்டது என்பதுதான் கணக்கு. வேலைத்தளத்தில் எல்லோருக்கும் அவள் 'எண்ணுற அக்கா'. டாக்டரே அப்படித்தான் கூப்பிட்டார்.

அந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் ரத்தத்தில் கிருமி இல்லாமல் இருந்தால்தான் அதிசயம். மதகுக்காவல்காரர், தூர்வாரும் இயந்திர டிரைவர், கேன்டீன் சமையல்காரி, யாருடைய விரலைக் குத்தினாலும் பத்து இருக்கும், இருபது இருக்கும். அவர்கள் பாட்டுக்கு மூட்டை தூக்கிக்கொண்டு திரிவார்கள். இதற்கு 'குடித்தனம்' என்று பெயர் வைத்தவர் கம்பவுண்டர். பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, நமக்கு எத்தனை குடித்தனம் என்று விசாரிப்பார்கள். குறைவாக இருந்தால், வீடு காலியாகக் கிடக்கிறதே என்று பக்கத்தில் இருப்பவன் வம்புக்கு இழுப்பான்.

புதிதாக யாராவது வந்து, கிருமி இருந்தும் காய்ச்சல் ஏன் வரவில்லை என்று கேட்டால் அக்காவுக்குப் பிடிக்கும். கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொல்லுவாள். கிருமி சிவப்பணுவுக்குள் சத்தம் காட்டாமல் குடியிருந்து தின்று பெருகும். சொல்லி வைத்தாற்போல இரண்டு நாளைக்கு ஒரு முறை எல்லாம் ஒன்றாக வெடித்து வெளியே வரும். அப்போது கொட்டுகிற குப்பையைப் பார்த்து உடம்பின் காவல்படை மிரண்டுபோகும். நடுக்கம், காய்ச்சல், வியர்வை எல்லாம் அந்த மிரட்சியில் உடம்பு செய்கிற ஆர்ப்பாட்டம். சின்ன வயதிலிருந்து அடிபட்டுப் பழகிய உடம்பு மிரளாது. சத்தமில்லாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துத் தின்றுவிடும். பழகாத உடம்பு, நாலு திருடனைப் பிடிக்க வீட்டையே கொளுத்தும்.

கடைசியாக அவள் சொல்வது எப்போதும் ஒரே வாக்கியம். "ஆளைக் கொல்றது பாதி கிருமி, பாதி நம்ம உடம்பே."

நூறு என்ற கோட்டைப் போட்டதும் அவள்தான். ஆறு வருடத்துக்கு முன் கிரேன் ஆபரேட்டரின் நாலு வயது மகளைக் காய்ச்சலோடு தூக்கி வந்தார்கள். ரத்தத்தில் இருபது கிருமி. மலேரியா மாத்திரை கொடுத்தார்கள். நிற்கவில்லை. மறுபடியும் கொடுத்தார்கள். குழந்தைக்கு இருந்தது நுரையீரல் சளிக் காய்ச்சல். அது தெரிந்தபோது கை மீறிப் போயிருந்தது. ஊரில் எல்லோருக்கும் இருக்கிற இருபதைப் பார்த்துவிட்டு நிஜமான நோயைத் தேடாமல் விட்டோமே என்று அக்கா ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு பழைய பதிவேடுகளையெல்லாம் எடுத்துப் போட்டு ஒரு மாதம் உட்கார்ந்து எண்ணினாள். டாக்டரிடம் சண்டை பிடித்து ஒரு விதியை எழுதிச் சுவரில் ஒட்டினாள். எண்ணிக்கை நூறுக்குக் கீழே என்றால் காய்ச்சலுக்கு வேறு காரணம் தேட வேண்டும். இந்த ஊரில் தொடர்ந்து இரண்டு வருடம் இல்லாதவர்களுக்கு மட்டும் இந்தக் கோடு கிடையாது. ஒரே ஒரு கிருமி இருந்தாலும் அன்றைக்கே மாத்திரை. காய்ச்சல் இல்லாதவர்களுக்கு மாத்திரை இல்லை.

நல்ல விதிதான். அதற்குப் பிறகு அந்தக் கிரேன் குழந்தையைப் போல ஒரு குழந்தைகூடச் சாகவில்லை.

அக்காவுக்கு ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள்தான் வளர்த்தாள். சின்ன வயதில் இரண்டு பேரும் ஒரே கம்பளியில் சுருண்டு ஒரே காய்ச்சலில் நடுங்கியவர்கள். அவளைவிட அவனுக்குத்தான் அதிகம் வரும். பெரியவனானதும் மலைமேல் இருந்த ஒரு நகரத்துக்கு லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போனான். குளிர்காலத்தில் குழாய்த் தண்ணீர் உறைந்துபோகிற ஊர். கொசு என்றால் படத்தில் பார்த்தால்தான் உண்டு. அங்கேயே ஒரு தையல்காரியைக் கட்டிக்கொண்டு ஒன்பது வருடம் இருந்துவிட்டான். இங்கே நீரேற்று நிலையத்தில் பம்பு மெக்கானிக் இடம் காலியானதும் அக்கா விடாமல் எழுதி, நச்சரித்து, வரவழைத்தாள். மழை தொடங்கிய வாரத்தில் புருஷனும் பெண்டாட்டியும் வந்து அக்காவின் குவார்ட்டர்ஸில் தங்கினார்கள். நாலு மாதம் ஆகியிருந்தது.

நாத்தனாருக்கும் தம்பி மனைவிக்கும் சண்டை என்று ஒன்றும் இல்லை. ஆனால் அவன் யாருடைய ஆள் என்ற இழுபறி ஓடிக்கொண்டே இருந்தது. இந்தத் தண்ணீர் அவருக்கு ஒத்துக்காது என்று மனைவி கொதிக்க வைப்பாள். இந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் பல்லே முளைத்தது என்று அக்கா பானையிலிருந்து மொண்டு கொடுப்பாள். அவன் இரண்டையும் குடித்துவிட்டு இரண்டு பக்கமும் தலையை ஆட்டுவான். சாயங்காலம் ஷிப்ட் முடிந்ததும் வாசல் சிமென்ட் பெஞ்சில் அக்காவோடு உட்கார்ந்துவிடுவான். ஒன்பது வருடத்துக் கதையும் பாக்கி இருந்தது. பூச்சி கடிக்கிறது, உள்ளே வாங்க என்று மனைவி இரண்டு முறை கூப்பிடுவாள். மூன்றாவது முறை கதவைச் சாத்திக்கொள்ளுவாள். அப்போது அக்காவுக்கு மனசுக்குள் ஒரு சின்னக் குளிர்ச்சி இருந்தது உண்மை.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அவனுக்குக் குளிர் எடுத்தது. பத்து மணிக்கெல்லாம் மனைவி அவனைக் கைத்தாங்கலாக மருந்தகத்துக்கு அழைத்து வந்துவிட்டாள். மேலே பம்பு ஹவுஸ் தார்ப்பாய்க் கோட்டு, அதற்குமேல் ஒரு போர்வை. பல் டைப்ரைட்டர் மாதிரி அடித்துக்கொண்டது. அந்த நிலையிலும், "அக்கா, எனக்குக் குடித்தனம் வந்தாச்சு போல" என்றான்.

அக்கா கார்டை எடுத்தாள். பெயர், வயது, வேலை. நாலாவது கட்டம்: இங்கே தொடர்ந்து வசிக்கும் காலம். பெஞ்சில் உட்காருகிற ஒவ்வொருவரிடமும் இந்தக் கேள்வியை அவள் வாய்விட்டுக் கேட்பாள். பக்கத்து வீட்டுக்காரராக இருந்தாலும் கேட்பாள். இடையில் எங்கேயாவது போயிருந்தீர்களா என்று இன்னொரு தடவையும் கேட்பாள். அவளுடைய ஒழுங்கைப் பற்றிக் கம்பவுண்டர் செய்யாத கேலி இல்லை.

தம்பியிடம் கேட்கவில்லை. என்ன இருக்கிறது கேட்க? பக்கத்தில் நின்ற மனைவி, அவர் உடம்பு இந்த ஊர்ச் சூட்டையே தாங்கவில்லை அண்ணி, அங்கே இருந்தவரைக்கும் ஒரு தும்மல்கூட வந்ததில்லை என்று தொடங்கியிருந்தாள். அக்கா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பேனாவை அழுத்தி, நாலாவது கட்டத்தில், 'பிறந்ததிலிருந்து' என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்கு அது ஒரு பதிலாகவே இருந்தது, அந்தப் பெண்ணுக்குச் சொல்லும் பதில்.

விரலைக் குத்தி ரத்தம் எடுத்து, காயவைத்து, சாயம் ஊற்றி, கழுவி, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு எண்ணினாள். இரண்டு தடவை. இரண்டு தடவையும் முப்பத்தொன்று.

டாக்டர் கார்டைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார், நாலாவது கட்டத்தைப் பார்த்தார். வயிற்றை அமுக்கினார், நாக்கை நீட்டச் சொன்னார். குடல் காய்ச்சலாக இருக்கலாம் என்று அதற்கு மாத்திரை எழுதினார். அவர் மேல் குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. கார்டு சொன்னதை அவர் நம்பினார். இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கையெழுத்து ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை.

மனைவி கேட்டாள், கிருமி இருக்கிறது என்கிறீர்கள், அதற்கு மாத்திரையும் இருக்கிறது என்கிறீர்கள், இரண்டு காய்ச்சலுக்கும் சேர்த்து மாத்திரை கொடுத்துவிட்டால் என்ன என்று. இருபது முப்பதுக்கெல்லாம் மாத்திரை கொடுத்துத்தான் முன்னே ஒரு குழந்தையைத் தொலைத்தோம் என்று அக்கா பொறுமையாகச் சொன்னாள். பொறுமை கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, படிக்காதவர்களுக்குச் சொல்வதுபோல.

புதன்கிழமை காய்ச்சல் இறங்கிவிட்டது. வேர்த்துக் கொட்டி, சட்டை மாற்றி, எழுந்து உட்கார்ந்து, பம்பு ஹவுஸில் வால்வு மாற்றிவிட்டார்களா என்று விசாரித்தான். பார்த்தாயா என்று அக்கா வாயால் கேட்கவில்லை. மருந்தகத்துக்குக் கிளம்பும்போது மாத்திரை அட்டையைத் தம்பி மனைவியின் கண்ணில் படுகிற இடத்தில் நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனாள்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரை. அதே மணி. அதே நடுக்கம்.

இரண்டு நாளைக்கு ஒரு முறை எல்லாம் ஒன்றாக வெடிக்கும் என்று ஊருக்கெல்லாம் சொன்னவளுக்கு அது உறைக்காமல் இல்லை.  மறுபடி ரத்தம் எடுத்தாள். எழுபத்துநாலு. ஏறியிருந்தது, ஆனாலும் நூறுக்குக் கீழே. கிருமியின் குஞ்சுகள் மட்டும்தான் விரல் ரத்தத்தில் தெரியும், முற்றியவை உள்ளே ரத்தக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு பதுங்கிவிடும் என்பதும் அவள் அறிந்ததுதான். அறிந்தது எல்லாம் அறிந்த இடத்திலேயே இருந்தது. நாலாவது கட்டத்தில் எழுதியது கதவைப் பூட்டியதுபோல எல்லாவற்றையும் பூட்டி வைத்திருந்தது.

அன்று மத்தியானம் தம்பி மனைவி தானாகவே உள்ளே வந்து, ஸ்டூலுக்குப் பக்கத்தில் நின்றாள். இது வரையில் அவள் பெஞ்சைத் தாண்டி மைக்ராஸ்கோப் இருந்த அறைக்குள் வந்ததில்லை. வேறு டாக்டரிடம் கொண்டுபோகிறேன், வண்டிக்குச் சொல்லுங்கள் என்றாள். குடல் காய்ச்சல் இறங்க ஏழு நாள் ஆகும் என்றாள் அக்கா. அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. தன்னுடைய கோட்டைத் தன்னுடைய வீட்டு ஆளே நம்பவில்லை என்ற கோபம். தன் விரலைத் தானே குத்திக்கொண்டாள். ரத்தத்தைக் கண்ணாடியில் தேய்த்து, காயவைத்து, சாயம் போட்டாள். அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது; தம்பி மனைவி நின்ற இடத்தை விட்டு நகரவில்லை.  பிறகு எண்ணி முடித்து, எழுந்து, ஸ்டூலைக் காட்டினாள்.

"உட்கார்ந்து பாரு. கறுப்பாப் பொட்டு வச்ச மோதிரம் மாதிரி தெரியுதா? அதான். எனக்கு எத்தனை தெரியுமா? தொண்ணூத்திரண்டு. உன் புருஷனைவிட அதிகம். நான் நிக்கறேனா இல்லையா?"

அந்தப் பெண் ரொம்ப நேரம் குழாய்க்குள் பார்த்தாள். தையல்காரியின் கண், ஒன்றைப் பார்த்தால் இழை பிரித்துப் பார்க்கும் கண். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் கோபம் இல்லை.

"உங்களுக்குக் காய்ச்சல் வரலைங்கிறதுக்கு அவர் என்ன பண்ணுவார், அண்ணி?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அந்தக் கேள்வியில்தான் எல்லாம் இருந்தது. அக்காவுக்கு அது ஒரு மட்டமான எதிர்ப்பேச்சாகப் பட்டது. கண்ணாடிச் சில்லைப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவன் மனைவியைப் பார்த்து, சூப்பர்வைசர் சார், பதினாலாவது மாடியில் கதவு மாட்டிக்கிட்டு நிக்குது என்றான். முதலில் விளையாடுகிறான் என்று இரண்டு பேரும் நினைத்தார்கள். அவன் விளையாடுகிற ஆள்தான். பிறகு கண் மேலே சொருகி, கை கால் வெட்டி இழுத்தது. பம்பு ஹவுஸ் ஆட்கள் நாலு பேர் தூக்கி வந்தார்கள். அக்கா எடுத்த ரத்தத்தில் ஒரு பார்வைக்குள்ளேயே மோதிரம் மோதிரமாக மொய்த்தது. ஆயிரத்தைத் தாண்டியதும் அவள் எண்ணுவதை நிறுத்தினாள்.

டாக்டர் ஊசிக்கு மருந்தை உறிஞ்சிக்கொண்டே, ஏதோ உறுத்தியவராக, அக்காவிடம் கேட்காமல் அவன் மனைவியிடம் கேட்டார்.

"இவர் இந்த ஊரைவிட்டு எங்கேயாவது போய் இருந்தாரா?"

"ஒன்பது வருஷம் அங்கதான் இருந்தார் டாக்டர். வந்து நாலு மாசம்தான் ஆகுது."

டாக்டர் அக்காவைப் பார்க்கவில்லை. கார்டையும் பார்க்கவில்லை. ஊசியைப் போட்டார். பெரிய ஆஸ்பத்திரிக்கு மூன்று மணி நேரப் பயணம். வண்டியில் அக்கா அவன் தலையைப் பிடித்துக்கொண்டாள், மனைவி காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் உடம்பு அடுப்புக்கல் மாதிரி கொதித்தது. ஒன்பது வருடம் எந்தத் திருடனையும் பார்க்காத காவல்படை, பழசையெல்லாம் மறந்துபோய், கண்ட இடத்திலெல்லாம் தீ வைத்துக்கொண்டிருந்தது. பழகிய உடம்பும் விட்டுப்போனால் மறந்துவிடும் என்று எத்தனை பேருக்குப் பாடம் எடுத்திருப்பாள். விடுமுறைக்கு வந்து காய்ச்சலில் படுத்த மற்ற வீட்டுப் பிள்ளைகளிடம் எத்தனை தடவை இதைச் சொல்லி மாத்திரை கொடுத்து அனுப்பியிருப்பாள். அவன் போன ஒவ்வொரு மாதத்தையும் விரல்விட்டு எண்ணியவளும் அவள்தான்.

சனிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு அவன் இறந்துபோனான். நினைவு திரும்பவே இல்லை.

நாலாம் நாள் டாக்டர் தலைமை அலுவலகத்துக்கு அறிக்கை எழுதினார். வேலைத்தளத்தில் மரணம் என்றால் அறிக்கை போக வேண்டும். ஒரு பிரதி குடும்பத்துக்கு. 'கடும் மலேரியா. நோயாளி தாமதமாக அழைத்து வரப்பட்டார்.' சாட்சிக் கையெழுத்துக்கு அக்காவிடம் நீட்டினார்.

அக்கா படித்தாள். தாமதம் இல்லையே டாக்டர், அரை மணி நேரத்தில் கொண்டு வந்துவிட்டாளே என்றாள். தெரியும் என்றார் அவர். வேறு எப்படி எழுதச் சொல்கிறாய் என்று கேட்டார். கோட்டுக்குக் கீழே இருந்ததால் மருந்து கொடுக்கவில்லை என்று எழுதினால், நாலாவது கட்டத்தையெல்லாம் மேலே இருப்பவன் உட்கார்ந்து படிக்க மாட்டான். கோட்டை எடு என்று ஒரு வரி உத்தரவு போடுவான். மறுபடியும் காய்ச்சல் என்று வருகிற குழந்தைக்கெல்லாம் மலேரியா மாத்திரை. மறுபடியும் சளிக் காய்ச்சலைத் தவற விடுவோம். பிறகு, குரலை இறக்கி, அவளைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஒன்று சொன்னார்.

"நீ எழுதினது பொய்யில்லையே. இங்கதானே பொறந்தான்."

திட்டியிருந்தால் தேவலை. அக்கா கையெழுத்துப் போட்டாள்.

தம்பி மனைவி ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள், தனக்கும் ரத்தம் பார்க்கச் சொன்னாள். விரலை நீட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. ஒன்றுகூட இல்லை. அவள் ஆச்சரியப்படவும் இல்லை.

"பொழுது சாய்ஞ்சா நான் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருந்தேன். அவர் உங்ககூட வெளிய உட்கார்ந்திருந்தார்" என்றாள். கொஞ்சம் கழித்து, "அந்தத் தொண்ணூத்திரண்டும் அதே பெஞ்சுலதானே உட்கார்ந்திருந்தது" என்றாள்.

அவள் வீட்டுக்குப் போன பிறகு அக்கா தன்னுடைய பழைய சில்லை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். தன்னைக் கடித்த கொசுதான் பக்கத்தில் இருந்தவனையும் கடித்திருக்கும். பிறகு கம்பவுண்டரின் ஜன்னலுக்குப் போய், தனக்கு மலேரியா மாத்திரை வேண்டும் என்றாள். காய்ச்சலா என்று கேட்டார். இல்லை என்றாள். கம்பவுண்டர் எதையும் கேலி செய்கிற மனுஷன், அன்றைக்குச் செய்யவில்லை. காய்ச்சல் இல்லாதவங்களுக்குக் கொடுக்கக் கூடாது அக்கா, உங்களுக்குத் தெரியாததா என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். மாத்திரையே வருவது கம்மி, கொடுத்தாலும் அடுத்த வாரம் இன்னொரு கொசு கடிக்கும் என்றும் சொன்னார். இரண்டும் உண்மை. இந்த இரண்டு காரணத்தையும் அவளே இதே ஜன்னலில் நின்று நூறு பேரிடம் சொல்லியிருக்கிறாள். திரும்பி வந்தாள்.

மறுநாள் காலை பஸ். நீரேற்று நிலையத்துக்கு முன்னால், இன்ஜினை நிறுத்தாமல் பத்து நிமிடம் நிற்கும். தையல் இயந்திரத்தைக் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். பம்பு ஹவுஸ் ஆட்கள் இரண்டு பேர் வந்து, என்ன சொல்வதென்று தெரியாமல், கட்டிய கயிற்றை மறுபடி மறுபடி இழுத்துப் பார்த்தார்கள். தம்பி மனைவி பையைக் கீழே வைத்துவிட்டு, மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள். அறிக்கையின் பிரதி.

"நான் எத்தனை மணிக்குக் கொண்டு வந்தேன், அண்ணி?"

"பத்து மணிக்கு."

"குளிர் எப்ப எடுத்தது?"

"ஒன்பதரைக்கு."

"இதுல தாமதம்னு போட்டிருக்கு. உங்க கையெழுத்தும் இருக்கு." குரல் உயரவில்லை. "நான் ஊருக்குப் போனா அவரோட கூடப் பொறந்த மாதிரி இருந்தவங்க நாலு பேர் கேட்பாங்க, என்னம்மா ஆச்சுன்னு. நான் இந்தக் காகிதத்தைக் காட்டினா, கட்டின பொண்டாட்டி பாத்துக்கிட்டே இருந்தாள்னு அர்த்தம் ஆகும். அவர் கடைசி வரைக்கும் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமா? அக்கா பாத்துட்டாங்க, ஒண்ணும் இல்லைன்னு சொல்லிட்டாங்க, நீ ஏன் பயப்படறேன்னு கேட்டார்."

அக்காவுக்கு டாக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. நடந்ததை எழுதிக் கொடுத்து, அது தலைமை அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்தால் கோட்டை எடுத்துவிடுவார்கள். தன் வேலையும் போகலாம். கிரேன் ஆபரேட்டரின் குழந்தை நினைவுக்கு வந்தது. இவ்வளவையும் எடை போட்டுப் பார்க்க அவளுக்குத் தெரியும். வாழ்நாளெல்லாம் அதைத்தான் செய்தாள். கண்டக்டர் விசில் ஊதினான்.

பேனாவை எடுத்தாள். காகிதத்தைத் திருப்பி, பஸ்ஸின் தகட்டில் வைத்து எழுதினாள். இன்ஜின் அதிர்வில் எழுத்து கோணிக்கொண்டு போனது.

'இவர் குளிர் கண்ட அரை மணி நேரத்தில் அழைத்து வரப்பட்டார். தாமதம் இல்லை. இவர் ஒன்பது வருடம் வெளியூரில் இருந்து திரும்பியவர். எண்ணிக்கை முப்பத்தொன்று இருந்த அன்றைக்கே மருந்து கொடுத்திருக்க வேண்டும். கேட்க வேண்டிய கேள்வியை நான் கேட்கவில்லை. கார்டில் தவறாக எழுதியவள் நான்.'

கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள்.

அந்தப் பெண் நின்றபடியே படித்தாள். அவசரப்படவில்லை. ஒரு தடவை படித்து முடித்து, மறுபடி மேலேயிருந்து படித்தாள். அக்கா காத்திருந்தாள். ஒரு வார்த்தை வரும் என்று நினைத்தாளோ என்னவோ. திட்டாகவாவது.

"தேதி போடலையே, அண்ணி" என்று காகிதத்தைத் திருப்பி நீட்டினாள்.

அக்கா வாங்கித் தேதியைப் போட்டாள். அந்தப் பெண் அதைச் சரிபார்த்து, நாலாக மடித்து, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள். ஜன்னல் பக்கம் இடம் இருந்தும் உள்பக்கமாகப் போய் உட்கார்ந்தாள்.